ஒரு லைட்டுக்கு எதுக்குடா சர்வர்?

இன்னைக்கு எபிசோட் லைட் சுவிட்ச்சைப் பத்தி. சிரிக்காதீங்க, முழுசா கேளுங்க.

எங்க பாட்டிக்கு 84 வயசு. ராத்திரியில் ரெண்டு தடவையாவது எழுந்து பாத்ரூம் போவாங்க. அவங்க ரூமுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் பத்தடி நீளத்துக்கு ஒரு நடை. அந்த நடையோட சுவிட்ச்போர்டு மறுகோடியில் இருக்கு. இருட்டில் நடந்து போனாத்தான் லைட்டையே போட முடியும். அதுக்காகத்தான் நாலு வருஷம் முன்னாடி ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கினேன். ராத்திரி 10 மணிக்கு நடை லைட் தானா எரியும், காலையில் 5 மணிக்கு தானா அணையும். அந்த ஒண்ணில் ஆரம்பிச்சு, ஆர்வக்கோளாறில் வீடு முழுக்க ஒன்பது சுவிட்ச்சை மாத்திட்டேன்.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை 10 மணிக்கு அந்த லைட் எரியல. யாரும் கவனிக்கல. ஒரு மணி வாக்கில் பாட்டி இருட்டில் நடந்து, வாஷிங் மெஷின் முனையில் முழங்கையை இடிச்சுக்கிட்டாங்க. நல்லவேளை, எலும்புக்கு ஒண்ணும் ஆகல. ஒரு வாரம் கன்றிப்போய் இருந்தது.

காலையில் ஆப்பைத் திறந்தா, சர்வரை அணுக முடியவில்லை என்று வந்தது. வைஃபை சரியா இருக்கு. கரண்ட் இருக்கு. ரெண்டு நாள் தேடின பிறகுதான் புரிஞ்சது: சுவிட்ச்சை வித்த நிறுவனம் அந்த மாடலுக்கான சர்வரையே நிறுத்திட்டாங்க. முன்கூட்டியே மெயில்கூட அனுப்பியிருக்காங்க. அது என் புரமோஷன்ஸ் டேபில், தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவில் கிடந்தது.

இதை எல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். பொறுமையாக் கேட்டுட்டு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "ஒரு லைட்டு எரியறதுக்கு எதுக்குடா சர்வர்?"

நாலு வருஷ இன்ஜினியரிங் படிப்பு, ஆறு வருஷ சாஃப்ட்வேர் வேலை. என்கிட்ட பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் போன கதைதான் இந்த எபிசோட்.

ஸ்பிரிங் மட்டும் இருந்த காலம்

முதலில் சாதாரண சுவிட்ச். 1884-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்ற பொறியாளர் ஒரு சிக்கலைத் தீர்த்தார். மின்சுற்றை மெதுவாகப் பிரித்தால், இரண்டு உலோக முனைகளுக்கு நடுவில் இருக்கும் காற்றின் வழியாகவே மின்சாரம் பாயும். அந்தப் பொறி முனைகளைக் கருக்கிவிடும். தீப்பிடிக்கவும் வைக்கும். ஹோம்ஸின் சுவிட்ச்சில், நம் விரல் எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஒரு கட்டத்தில் படக்கென்று விடுபட்டு முனைகளைப் பிரித்துவிடும். இன்னைக்கும் உங்க வீட்டு சுவிட்ச்சைத் தட்டும்போது கேட்கிற அந்த 'டிக்' சத்தத்துக்குப் பின்னாடி இருக்கறது அந்த யோசனைதான்.

கும்பகோணத்தில் எங்க தாத்தா வீட்டில் கறுப்பு பேக்கலைட் சுவிட்ச்கள் இருக்கு. குமிழைக் கீழே தட்டினா ஆன். எங்க அப்பா சின்னப் பையனா இருந்தப்போ போட்டது. இப்பவும் வேலை செய்யுது. அதைச் செய்த கம்பெனி இருக்கா, இல்லையா, யாருக்கும் தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமே வரல. லைட் எரியணுமா வேண்டாமா என்று முடிவு பண்ற மொத்த விஷயமும் அந்தச் சின்ன டப்பாவுக்குள்ளேயே இருந்தது.

அந்த முடிவு எப்போ சுவரை விட்டு வெளியே கிளம்பினது?

கரண்ட் கம்பியில் ஒரு ரகசியப் பேச்சு

1970-இல் ஸ்காட்லாந்தின் கிளென்ராத்ஸ் ஊரில் பிகோ எலக்ட்ரானிக்ஸ் என்று ஒரு சின்ன நிறுவனம் தொடங்கியது. கால்குலேட்டருக்கான சிப் செய்வதில் கெட்டிக்காரர்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் எக்ஸ் என்று போட்டு ஒரு எண் கொடுப்பார்கள். 1975-இல் வந்த பத்தாவது திட்டம், எக்ஸ்-10. வீட்டில் ஏற்கெனவே ஓடுகிற மின்கம்பியையே செய்தி அனுப்பும் கம்பியாகவும் பயன்படுத்தலாம் என்பதுதான் யோசனை. 1978-இல் அமெரிக்காவில் ரேடியோ ஷாக், சியர்ஸ் கடைகளில் விற்பனைக்கு வந்தது.

இது வேலை செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டு மின்சாரம் ஓர் அலை. அமெரிக்காவில் நொடிக்கு 60 சுற்று, நம்ம ஊரில் 50. ஒவ்வொரு சுற்றிலும் அது இரண்டு முறை பூஜ்யத்தைக் கடக்கும். அந்தக் கணத்தில் கம்பி கொஞ்சம் அமைதியா இருக்கும். சரியாக அப்போது 120 கிலோஹெர்ட்ஸில் ஒரு மில்லி நொடி நீளத்துக்கு ஒரு துடிப்பு. துடிப்பு இருந்தால் 1, இல்லையென்றால் 0. ஒரு கட்டளை முழுசாகப் போய்ச் சேர முக்கால் நொடிக்கு மேல் ஆகும்.

முகவரி? ஏ முதல் பி வரை 16 வீட்டு எழுத்து, 1 முதல் 16 வரை கருவி எண். மொத்தம் 256. திருகாணி முனையை வைத்துத் திருப்பும் இரண்டு சின்ன டயல்கள், அவ்வளவுதான் செட்டப். லாக்இன் கிடையாது, ஓடிபி கிடையாது.

குறை இருந்ததா? நிறைய. கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று அந்தக் காலத்து எக்ஸ்-10 சுவிட்ச் திரும்பிச் சொல்லாது. பக்கத்து வீட்டுக்காரரும் அதே எழுத்தை வைத்திருந்தால், அவர் பொத்தானை அழுத்தும்போது உங்கள் ஹால் லைட் எரியலாம். அமெரிக்க வீடுகளுக்கு மின்சாரம் 120 வோல்ட் கம்பிகள் இரண்டாகப் பிரிந்து வரும். ஒரு கம்பியில் கிளம்பும் சிக்னல் மற்றொன்றுக்குப் போகத் தடுமாறும். ஆனால் மின்அடுப்பு இரண்டு கம்பிக்கும் நடுவில் இணைக்கப்பட்டது. அதனால் சில வீடுகளில் அடுப்பைப் போட்டால்தான் மாடி லைட் சொன்ன பேச்சைக் கேட்கும். கேலி இல்லை, அந்தக் காலத்து எக்ஸ்-10 ஆட்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் அனுபவம் இது.

அப்புறம் ஏன் எல்லாரும் அதைக் கழற்றினார்கள்? வீட்டுக்குள் கம்ப்யூட்டர் வந்தது, சிஎஃப்எல் பல்பு வந்தது, சார்ஜர்கள் வந்தன. இவற்றில் இருக்கும் மின்சுற்றுகள் கம்பியில் இரைச்சலைக் கொட்டின. சில கருவிகளின் ஃபில்டர்கள், எக்ஸ்-10 துடிப்பையும் இரைச்சல் என்று நினைத்து விழுங்கின. இங்கே கவனிங்க: சுவிட்ச் கெட்டுப் போகல. அதைச் சுத்தி இருந்த வீடுதான் மாறிடுச்சு. இருந்தாலும் அது எங்கே தோற்றாலும் உங்க வீட்டுக்குள்ளேயேதான் தோற்கும். சரி பண்ண நினைச்சா, பிரச்சினை உங்க கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

ஒருத்தரை ஒருத்தர் நம்பி நிற்கும் சுவிட்ச்கள்

2000-க்குப் பிறகு பேச்சு கம்பியிலிருந்து ரேடியோவுக்கு மாறியது. டென்மார்க்கின் ஜென்சிஸ் நிறுவனம் இசட்-வேவ் கொண்டுவந்தது. பல நிறுவனங்கள் சேர்ந்து ஜிக்பீ கொண்டுவந்தன. இரண்டும் மெஷ் நெட்வொர்க். ஒவ்வொரு சுவிட்ச்சும் தனக்கு வந்த செய்தியைக் கேட்பதோடு, அடுத்த சுவிட்ச்சுக்கும் கை மாற்றிவிடும். கிராமத்தில் கிணற்றிலிருந்து வீடு வரை வரிசையாக நின்று குடம் மாற்றிவிடுவது மாதிரி.

பழைய சுவிட்ச்சை மாற்றும்போது பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். வரிசையில் நடுவில் நின்ற ஒரு ஆளைத் திடீரென்று தூக்கிவிட்டால், கடைசி ஆளுக்குத் தண்ணீர் வராது. ஹாலில் ஒரு பழைய சுவிட்ச்சைக் கழற்றுவீர்கள், கொல்லைப்புற லைட் செத்துவிடும். இசட்-வேவில் இன்னொரு விஷயம்: கழற்றும் முன் அந்த சுவிட்ச்சை நெட்வொர்க்கிலிருந்து முறைப்படி நீக்க வேண்டும். அப்படியே பிடுங்கினால், ஹப் அதன் பெயரைப் பட்டியலில் வைத்துக்கொண்டு, இல்லாத ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இதற்கு ஆங்கிலத்தில் கோஸ்ட் நோட் என்று பெயர். பேய் சுவிட்ச்!

பழைய இசட்-வேவ் சுவிட்ச்களில் ஒரு வினோதமும் உண்டு. சுவரில் கையால் தட்டி லைட்டைப் போட்டால், பல மாடல்கள் அதை உடனே ஹப்புக்குச் சொல்லாது. லைட் எரிந்துகொண்டிருக்கும், ஆப்பில் ஆஃப் என்று காட்டும். தொழில்நுட்பம் இல்லாததால் அல்ல. நிலை மாறியதை உடனுக்குடன் தெரிவிக்கும் முறைக்கான காப்புரிமை, டிம்மர்களுக்குப் பேர்போன லூட்ரான் நிறுவனத்தின் கையில் இருந்தது. 2016-இல் அது காலாவதியானது. அதற்குப் பிறகு வந்த சுவிட்ச்கள் ஒழுங்காகப் பேச ஆரம்பித்தன. அதனால் ஒருவர் பழைய சுவிட்ச்சைக் கழற்றிப் புதுசு போட்டதற்கு ஒரு காப்புரிமையின் தேதிகூடக் காரணமாக இருக்கலாம்.

இது வரைக்கும் முடிவு எடுக்கும் மூளை சுவரிலிருந்து ஹப்புக்குப் போயிருக்கு. ஆனால் இன்னும் வீட்டு வாசலைத் தாண்டல.

வாசலைத் தாண்டிய மூளை

அது தாண்டினது ஸ்மார்ட்போன் வந்த பிறகு. ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு வீட்டு லைட்டை அணைக்கணும் என்று நமக்கு ஆசை. ஆனால் வீட்டு ரவுட்டர் வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே விடாது, விடவும் கூடாது. அதுக்கு சுலபமான வழி: சுவிட்ச்சும் வெளியே வரட்டும், போனும் வெளியே வரட்டும், ரெண்டும் நடுவில் ஒரு சர்வரில் சந்திக்கட்டும். 2014-இல் சீனாவின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் ஈஎஸ்பி8266 என்ற மிக மலிவான வைஃபை சிப்பை வெளியிட்டது. அந்த மாதிரி சிப்கள் வந்த பிறகு ஹப்கூடத் தேவைப்படவில்லை. சுவிட்ச் நேராக இன்டர்நெட்டில் ஏறியது.

அம்மா கேள்விக்கு முதல் பாதி பதில் இதுதான்: லைட் எரியறதுக்கு சர்வர் வேண்டாம். தூரத்திலிருந்து எரியவைக்க ஒரு நடு ஆள் தேவைப்பட்டார். அவருக்கு மொத்தச் சாவிக்கொத்தையும் கொடுத்துட்டோம்.

இதில் பணக் கணக்கு ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. சுவிட்ச்சை ஒரே ஒரு தடவைதான் விற்க முடியும். சர்வர் வாடகையோ மாசாமாசம் கட்டணும். புது சுவிட்ச் விற்கும் வேகம் குறைஞ்ச அன்னைக்கு, பழைய சுவிட்ச் வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும் அந்த கம்பெனிக்கு ஒரு செலவு.

அமெரிக்காவில் ரிவால்வ் என்று ஒரு ஹப் இருந்தது. விலை கிட்டத்தட்ட 300 டாலர், வாழ்நாள் சந்தா உட்பட. 2014-இல் கூகுளின் நெஸ்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2016 மே 15 அன்று சர்வர் நிறுத்தப்பட்டது. ஹப் வெறும் டப்பாவானது. வாழ்நாள் என்றால் யாருடைய வாழ்நாள் என்று அன்னைக்குத்தான் நிறைய பேருக்குப் புரிஞ்சது.

ஆனா எனக்கு அதைவிடப் பாடம் சொன்ன கதை இன்ஸ்டியானுடையது. கலிஃபோர்னியாவின் ஸ்மார்ட்லேப்ஸ் 2005-இல் கொண்டுவந்த அமைப்பு இது. எக்ஸ்-10 வைத்திருந்தவர்கள் அடுத்துப் போன முக்கியமான இடம். மின்கம்பியிலும் பேசும், ரேடியோவிலும் பேசும். ஒன்று தடுமாறினால் மற்றொன்று. வீடு முழுக்க ஐம்பது, அறுபது சுவிட்ச் வைத்திருந்தவர்களும் உண்டு. 2022 ஏப்ரல் நடுவில் ஒரு நாள், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சர்வர்கள் அடங்கின. ஆப் வேலை செய்யவில்லை. குரலில் சொன்னால் கேட்கவில்லை. சில நாள் கழித்துத்தான், நிறுவனத்தை விற்க எடுத்த முயற்சி பலிக்கவில்லை என்று அறிவிப்பு வந்தது.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரோம். அந்த வீடுகள் முழுசா இருண்டு போகவில்லை. ஏன் தெரியுமா? எந்த பட்டன் எந்த லைட்டோடு சேர்ந்தது என்கிற பட்டியலை இன்ஸ்டியான் ஒவ்வொரு சுவிட்ச்சுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தது. படிக்கட்டின் கீழ் பட்டனைத் தட்டினால் மேல் லைட் எரிவது, ஒரே பட்டனில் ஹால் முழுக்க அணைவது, இதெல்லாம் கம்பெனி மூடிய மறுநாளும் நடந்தது. சர்வருக்குள் இருந்த விஷயம் செத்தது, சுவருக்குள் இருந்த விஷயம் பிழைத்தது.

இணைய வழி போனவுடனே, ஹோம் அசிஸ்டென்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை வீட்டுக்குள்ளேயே ஒரு சின்னக் கணினியில் ஓட்டி, பலர் தங்கள் பழைய சுவிட்ச்களை மீட்டெடுத்தார்கள். 2022 ஜூனில் இன்ஸ்டியான் பயனர்களில் ஒரு சின்னக் குழுவே நிறுவனத்தின் சொத்துகளை வாங்கி சர்வரைத் திரும்ப ஓடவிட்டது. பின்னாடி அதுக்கு ஆண்டுச் சந்தாவும் வந்தது. எனக்கு அதில் தப்பு தெரியல. சர்வருக்குச் செலவு ஆகும் என்பதை முதல் தடவையா நேர்மையா பில்லில் போட்டாங்க.

டிக்கெட்டுக்கு இந்தப் பக்கம்

இந்த இடத்தில் நான் ஒண்ணு ஒத்துக்கணும். ரெண்டு வருஷம் முன்னாடி, வேலை பார்க்கிற இடத்தில் ஒரு பழைய ஏபிஐயை நிறுத்தும் வேலை எனக்கு வந்தது. கிராஃபைப் பார்த்தேன். பயன்பாட்டுக் கோடு கிட்டத்தட்ட தரையோடு தரையா இருந்தது. மெயில் டெம்ப்ளேட் எழுதினேன், தேதி போட்டேன், டிக்கெட்டை க்ளோஸ் பண்ணினேன். டீமில் கைதட்டினாங்க. எனக்கும் சந்தோஷம்.

தரையோடு இருந்த கோடு பூஜ்யம் கிடையாது. அதன் மறுமுனையில் யார் இருந்தாங்க என்று நான் கேட்கவே இல்லை. எங்க நடை லைட்டும் எங்கேயோ யாரோ பார்த்த கிராஃபில் அப்படி ஒரு புள்ளியாத்தான் இருந்திருக்கும். அந்த நிறுவனத்து மேல கோபப்பட ஆரம்பிச்சு, பாதியில் நிறுத்திட்டேன். அங்கேயும் என்னை மாதிரி ஒருத்தன்தான் டிக்கெட்டை மூடியிருப்பான்.

ஒன்பது சுவிட்ச்சும் நானும்

சரி, கடைசியில் என்ன பண்ணினேன்?

2022 அக்டோபரில் மேட்டர் என்ற பொதுத் தரம் வெளியானது. ஆப்பிள், அமேசான், கூகுள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒத்துக்கொண்ட விஷயம். ஒரு சுவிட்ச் எந்த கம்பெனி ஆப்போடும் வீட்டுக்குள்ளேயே பேச வேண்டும் என்பது அதன் அடிப்படை. நல்ல செய்திதான். ஆனால் 10 மணிக்கு லைட் எரியணும் என்கிற அட்டவணை எங்கே இருக்கு என்பதை நாமதான் விசாரிக்கணும். அது இன்னும் யாரோ ஒருத்தர் சர்வரில் இருக்கலாம்.

அதனால் நான் மூணு கேள்வி எழுதி வச்சுக்கிட்டேன். இன்டர்நெட் வயரைப் பிடுங்கினா அட்டவணை ஓடுமா? ஹப் செத்தா சுவர் பட்டன் வேலை செய்யுமா? கம்பெனி செத்தா இந்த சுவிட்ச்சை வேற அமைப்போடு சேர்க்க முடியுமா? கடையில் இதைக் கேட்டா ஒரு மாதிரிதான் பார்ப்பாங்க. பரவாயில்லை, கேளுங்க.

என் பழைய சுவிட்ச்களில் ஃபர்ம்வேரை மாற்ற முடியுமா என்று பார்த்தேன். உள்ளே இருந்த சிப்புக்கு வழி கிடைக்கல. ஒன்பதையும் கழற்றினேன். தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். மெயினை அணைச்சு, டெஸ்டரை வச்சுப் பார்த்த பிறகுதான் போர்டைத் திறக்கவே விட்டார். நம்ம ஊர் போர்டில் பிளக் பாயின்ட்டும் சேர்ந்தே இருப்பதால் பெரும்பாலும் நியூட்ரல் கம்பி உள்ளேயே கிடைக்கும். அமெரிக்காவின் பழைய வீடுகளில் சுவிட்ச் டப்பாவில் அது பல சமயம் இருக்காது. அங்கே பாதிப் போராட்டமே அதுதான்.

சாதாரண சுவிட்ச்களைத் திரும்ப மாட்டி, அதுக்குப் பின்னாடி ஜிக்பீ ரிலேக்கள் வச்சோம். தட்டினா எப்பவும் எரியும். அட்டவணை எல்லாம் ஷெல்ஃபில் இருக்கும் ஒரு ராஸ்பெர்ரி பையில் ஓடுது. ஆறு இடத்துக்குத்தான் ரிலே போட்டேன். மீதி ரெண்டு வெறும் சுவிட்ச்சாகவே இருக்கு. அதுக்கு எதுக்கு ஸ்மார்ட் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

ஒன்பதாவது, நடை லைட். அதுதான் எல்லாத்துக்கும் காரணம். அதுக்கு ரிலேயும் இல்லை, ராஸ்பெர்ரி பையும் இல்லை. அண்ணன் பாட்டி கட்டில் பக்கத்திலிருந்து ஒரு ஒயர் இழுத்து, டூ-வே சுவிட்ச் போட்டார். கட்டிலில் உட்கார்ந்தபடியே தட்டலாம், பாத்ரூம் பக்கத்திலும் தட்டலாம். படிக்கட்டுக்கு எல்லா வீட்டிலும் போடறதுதான். நாலு வருஷம் முன்னாடி எனக்கு இது தோணவே இல்லை.

பாட்டி முதல் ராத்திரி நாலஞ்சு தடவை தட்டித் தட்டிப் பார்த்தாங்க. டிக். டிக். பக்கத்து ரூமில் படுத்துக்கிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருந்தேன்.

உங்க வீட்டிலும் ஒரு ஸ்மார்ட் சுவிட்ச் இருந்தா, இன்னைக்கு ராத்திரி ஒரு அஞ்சு நிமிஷம் ரவுட்டரை ஆஃப் பண்ணிப் பாருங்க. எது எரியுது, எது எரியல என்று எழுதி வைங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.